சிப்பின் பெயரைச் சொல்லுங்கள்: கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் லினக்ஸ் பயன்படுத்துவோரின் கோரிக்கைச் சாசனம்

கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, திகன, கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை, கலஹா, தெல்தோட்டை ஆகிய இடங்களில் லினக்ஸ் இயங்குதளத்தில் படிக்கும், படிப்பிக்கும், கணினி திருத்தும், கடை நடத்தும் நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். கோரிக்கைகள் பல. அவற்றின் வேர் ஒன்றுதான்: வைஃபை டொங்கிள், நெட்வேர்க் கார்ட், மோடம், ரவுட்டர் என எதை எமக்கு விற்றாலும், அதனுள் இருக்கும் சிப்பின் பெயரையும் பதிப்பையும் சொல்லி விற்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைப் புரொசசராவது வேண்டும். நமது பாடசாலைக் கணினி அறைகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களில் பல இந்த வரம்பை எட்டாதவை. புதிது வாங்கலாமே என்று சொல்வது சுலபம். 2022 இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது லப்டொப் விலையும் கூடவே ஏறியது. தோட்டத்துச் சம்பளத்தில் பிள்ளை படிப்பிக்கும் பெற்றோரிடம் இன்னொரு லப்டொப் வாங்குங்கள் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வராது.

அதனால்தான் உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் என்று நாங்கள் போகிறோம். பத்து வருடப் பழைய இயந்திரமும் அதில் உயிர் பெறுகிறது. திரை சரி, ஒலி சரி, தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சு சரி. ஆனால் அமைப்புகளைத் திறந்தால், ‘நோ வைஃபை அடாப்டர் ஃபவுண்ட்’ என்ற ஒற்றை வரி நிற்கும். அந்த வரியைப் பார்த்ததும் பலர் லினக்ஸே சரிவராது என்று தீர்மானித்து, ஆதரவு முடிந்த விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொண்டு போகிறார்கள். குறை லினக்ஸிடமும் இல்லை, பழைய இயந்திரத்திடமும் இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மறைத்து விற்பதில் இருக்கிறது.

எப்படி மறைகிறது என்பதற்கு, உலகம் முழுவதும் விற்ற ஒரு பொருளையே உதாரணமாக எடுக்கலாம். டிபி-லிங்க் கம்பனியின் டிஎல்-டபிள்யூஎன் 722என் என்ற சிறிய யூஎஸ்பி டொங்கிள், திருகிப் பூட்டும் அன்டெனாவோடு வருவது. அதன் முதற் பதிப்பில் ஏதரோஸ் ஏஆர் 9271 என்ற சிப் இருந்தது. லினக்ஸில் செருகியவுடன் ஓடும். அந்தச் சிப்பின் உள்நிரலின் (ஃபேர்ம்வேர்) மூலநிரல்கூட 2013 இல் திறந்து விடப்பட்டது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருந்தது ரியல்டெக்கின் 8188 வகை. அதற்கு லினக்ஸில் நெடுங்காலம் அரைகுறை ஆதரவுதான். இரண்டுக்கும் மாதிரி எண் ஒன்றே, தோற்றமும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் பட்டைக்குறியீட்டு ஸ்டிக்கரின் ஓரத்தில், ‘வெர்ஷன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. நண்பன் வாங்கியது ஓடியது என்று அதையே தேடி வாங்கியவர் ஏமாந்ததற்கு அந்த எறும்பு எழுத்துத்தான் காரணம்.

இன்னொரு வகை டொங்கிள் தன்னை நெட்வேர்க் சாதனம் என்றே சொல்லாது. செருகினால் ஒரு சீடி வட்டாகத் தோன்றும். விண்டோஸ் அந்தப் பொய் வட்டிலிருந்து ட்ரைவரை நிறுவிக்கொள்ளும். பிறகே அது வைஃபை ஆகும். 3ஜி காலத்தில் நம் ஊரில் கை கையாகத் திரிந்த ஹுவாவெய் டொங்கிள்களும் இதே வேலையைத்தான் செய்தன. இதற்காகவே யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவியைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். சரியான ஒரு கட்டளையை அனுப்பினால் வட்டு வேடம் கலைந்து சாதனம் மறுபடி எழும். எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையை அடித்துப் பார்த்தால் அடையாள எண் கண்ணெதிரே மாறியிருக்கும். ஆனால் இப்படி ஒன்று உண்டு என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

சிப்பைக் கண்டுபிடித்தாலும் வேலை முடிவதில்லை. லினக்ஸின் மையமான கர்னலுக்குள் ட்ரைவர் இல்லாவிட்டால் மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்து ஏற்ற வேண்டும். அதை இறக்க இன்டர்நெட் வேண்டும்; இன்டர்நெட் வர அந்த ட்ரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க எங்களுக்குக் கைகொடுப்பது ஆண்ட்ரோய்ட் ஃபோன். கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் அதை நெட்வேர்க் கார்டாக உடனே ஏற்றுக்கொள்ளும். டேட்டா காசு மாணவருடையது. அடுத்த மாதம் கர்னல் புதுப்பிக்கப்பட்டால், ஏற்றிய ட்ரைவர் அதோடு பொருந்தாமல் போகலாம். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாக மறுபடி கட்டித் தரும், ஆனால் மூலநிரல் புதிய கர்னலுக்கு ஏற்றதாக இருந்தால் மட்டுமே. செக்யூர் பூட் இயங்கும் இயந்திரத்தில் கையொப்பமில்லாத ட்ரைவரை ஏற்றவே விடாது. இவ்வளவையும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையோ, ஐசிடி பாடத்தோடு இன்னும் இரண்டு பாடம் எடுக்கும் ஆசிரியரோ தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இது கண்டிக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. புரோட்கொம் சிப்புகளுக்குக் கம்பனி விபரம் தராத காலத்தில், கம்பனியின் ட்ரைவரின் நடத்தையைப் பிரித்துப் பார்த்தே தன்னார்வலர்கள் பி43 என்ற லினக்ஸ் ட்ரைவரை எழுதினார்கள். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் அது சேர்ந்தது. அதற்குப் பிறகே, 2010 செப்டெம்பரில், புரோட்கொம் தானாக ஒரு திறந்த ட்ரைவரை வெளியிட்டது. வயர்லெஸ் சிப் விபரங்களைத் திறக்கச் சொல்லிப் போராடிய, ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் தியோ டி ராட் 2004 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விருதைப் பெற்றார். ரியல்டெக்கின் பல யூஎஸ்பி சிப்புகளுக்கு 2023 பெப்ரவரியில் வந்த 6.2 கர்னலில்தான் வழி பிறந்தது. சந்தையில் பல வருடமாக விற்ற 8812ஏயூ வகைக்கு 2025 ஜனவரியின் 6.13 வரை காத்திருக்க நேர்ந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரில் சிலர் வைஃபைக்காக மட்டும் உள்ளே ஒரு குட்டி லினக்ஸை ஓட்டுகிறார்கள். எவரோ ஒருவர் இரவு விழித்துப் பிரித்துப் படித்ததால்தான் இன்று எங்கள் மேசையில் இன்டர்நெட் வருகிறது. அவர்களுக்கு நன்றி சொல்வது இந்தச் சாசனத்தின் கடமை.

எங்கள் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மேலே எழும் மலையின் பெயரில் 2009 இல் ஹந்தானா லினக்ஸ் வெளியானது. ஃபெடோராவின் மேல் கட்டிய இலங்கை வெளியீடு அது. இணையம் இல்லாத வீட்டிலும் பாடசாலையிலும் உதவட்டும் என்று கல்வி மென்பொருள்களையும் பல்லூடகத்துக்குத் தேவையானவற்றையும் ஒரே வட்டில் சேர்த்துத் தந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையர் எழுதிய சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதை 2006 ஆம் ஆண்டுக்காகப் பெற்றது. திறமை இங்கே இருக்கிறது. சிப்பின் பெயரைத்தான் தரவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம்:

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நீங்கள், வானலையைப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு வகை அங்கீகாரம் வழங்குகிறீர்கள். தொழில்நுட்ப விபரங்களைப் பார்த்துத்தான் அதைச் செய்கிறீர்கள். எனவே உள்ளே என்ன சிப் என்பதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அங்கீகரித்த ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே சிப்பின் பெயர், பதிப்பு எண், யூஎஸ்பி அடையாள எண் மூன்றையும் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பட்டியலாக, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுங்கள். மாதிரி எண்ணை மாற்றாமல் சிப்பை மாற்றினால் மீண்டும் அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் விற்கும் வயர்லெஸ் சாதனத்தில், அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான எஃப்சிசியின் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால், பல சாதனங்களுக்கு, உள்ளே கழற்றி எடுத்த படங்களைக்கூட யாரும் பார்க்கலாம். கண்டி டி.எஸ். சேனநாயக்க வீதியில் வாங்கிய டொங்கிளுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய வாஷிங்டன் அலுவலகத்தின் படத்தைத் தேடுகிறோம். கொழும்பு அலுவலகம் அதைச் சொல்லட்டும்.

கூடவே ஒன்று. லினக்ஸ் சமூகம் நாடு வாரியாக ஒரு அலைவரிசை விதித்தொகுப்பைப் பேணுகிறது. அதில் எல்கே என்ற குறியில் இலங்கையும் இருக்கிறது. நாட்டுக் குறி தவறாக அமைந்தால், 13 ஆம் சனலில் ஓடும் ரவுட்டர் பக்கத்து மேசையிலேயே இருந்தாலும் லப்டொப்புக்குத் தெரியாது. அந்தப் பதிவைச் சரிபார்த்து, விதி மாறும்போதெல்லாம் உத்தியோகபூர்வமாக அனுப்பி வைக்க ஓர் அலுவலரை நியமியுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம்:

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருள்களின் சுட்டுத்துண்டு பற்றி உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை விடுக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. பெட்டியின் வெளிப்பக்கத்தில், படிக்கக்கூடிய எழுத்தில், சிப்பின் பெயரையும் பதிப்பையும் அச்சிட வேண்டும் என்று ஒரு பணிப்புரை விடுங்கள். ‘லினக்ஸ் ஆதரவு உண்டு’ என்று வெறுமனே போட்டு விற்பதை நிறுத்துங்கள். எந்தக் கர்னல் பதிப்பிலிருந்து, கர்னலோடேயா அல்லது தனியாக நிறுவியா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பெட்டியில் போட்டது நடக்காவிட்டால், உடைக்காத பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்ற பலகை இந்தக் கடமையை இல்லாமற் செய்யக்கூடாது.

பொருளின் உண்மைப் பெயரைச் சொல்லி விற்க வேண்டும் என்ற கோரிக்கை இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, வர்த்தகப் பெயருக்குப் பின்னால் மருந்தின் மூலப் பெயர் மறையக்கூடாது என்று வாதாடி, 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஊடாக அதைக் கொள்கையாக்கினார். பெரிய மருந்துக் கம்பனிகள் எதிர்த்தன. ஆனாலும் மூலப் பெயரில் மருந்து கேட்கும் பழக்கம் இங்கே வேரூன்றியது. உயிர் காக்கும் மருந்துக்குச் செய்ய முடிந்ததை, ஒரு டொங்கிளுக்குச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் அதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் வலயப் பணிமனைகளிடமும்:

கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, தெல்தெனிய ஆகிய ஆறு வலயங்களிலும் கணினியோ வலையமைப்புச் சாதனமோ வாங்கும் ஒவ்வொரு விலைமனுவிலும் ஒரு வரி சேருங்கள்: ‘வழங்கப்படும் சாதனம், தற்போது ஆதரவிலிருக்கும் லினக்ஸ் கர்னலில், தனி ட்ரைவர் நிறுவாமல் இயங்க வேண்டும்.’ இந்த ஒரு வரியின் பலத்தை அயலில் பார்த்திருக்கிறோம். கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பாடசாலைகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்து, அதிலேயே பரீட்சையும் நடத்தியது. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய இலவச மடிகணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கினார்கள். மொத்தமாக வாங்குபவர் நிபந்தனை போட்டால் விற்பவர் ட்ரைவரோடு வருவார். ஒற்றை டொங்கிள் வாங்கும் பெற்றோரால் அந்த நிபந்தனையைப் போட முடியாது, திணைக்களத்தால் முடியும்.

விண்டோஸ் 11 ஏறாது என்ற ஒரே காரணத்துக்காகப் பாடசாலைக் கணினிகளைக் கழிவுப் பொருளாகப் பதியாதீர்கள். ஒவ்வொரு வலயப் பணிமனையிலும், லினக்ஸில் உடனே ஓடும் என்று பரிசோதித்த டொங்கிள்கள் சிலவற்றை இரவல் கொடுக்க வைத்திருங்கள். ஏதரோஸ் ஏஆர் 9271, 2015 இலிருந்தே கர்னலுக்குள் இருக்கும் மீடியாடெக் எம்டி 7601 போன்ற சாதாரணச் சிப்புகளே போதும். வேகம் குறைவு, ஆனால் நிறுவும் நாளில் கைவிடாது. மலைத்தோட்டப் பாடசாலைக்குப் போகும் ஐசிடி ஆசிரிய ஆலோசகரின் பையில் அதில் ஒன்றும், ட்ரைவர்கள் நிறைந்த ஒரு பென் ட்ரைவும் இருக்கட்டும். வழிகாட்டிக் கையேட்டைத் தமிழிலும் தாருங்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. சிங்களப் பாடசாலைக்குப் போகும் பயிற்சிச் சுற்றறிக்கை தமிழ்ப் பாடசாலைக்கு ஆங்கிலத்தில் வருவது முறையல்ல.

ஏற்கெனவே வாங்கிய சாதனங்களின் சிப் விபரத்தை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்போம். கேட்கும் முன்னரே வெளியிட்டால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திடமும் லேர்ன் வலையமைப்பிடமும்:

நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் உங்கள் வளாகத்திலிருந்தே இயங்குகிறது. கண்டிக் கடைகளில் கிடைக்கும் சாதனங்களை வாங்கிப் பரிசோதித்து, எது எந்தச் சிப், எந்தக் கர்னலில் ஓடும் என்ற பட்டியலைத் தொடர்ந்து வெளியிடுங்கள். கணினிப் பொறியியல் மாணவரின் இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்தில், ஆதரவில்லாத ஒரு சிப்புக்கு ட்ரைவர் எழுதிக் கர்னலுக்கு அனுப்புவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கப்பட்ட ஒரு திருத்தம் உலகம் முழுவதும் ஓடும். பல்கலைக்கழகங்களின் பொது வைஃபையான எடுரோம் இணைப்புக்கு லினக்ஸ் அமைப்பு முறையை விண்டோஸுக்குத் தருவது போலவே முழுமையாகத் தாருங்கள்.

தொலைத்தொடர்புக் கம்பனிகளிடம்:

நெட்வேர்க் கார்டாகவே தோன்றி ட்ரைவர் கேட்காமல் ஓடும் 4ஜி டொங்கிள்கள் உலகச் சந்தையில் உண்டு. அவற்றை இறக்குங்கள். பணம் முழுதும் கட்டி முடித்த டொங்கிளையும் ரவுட்டரையும் பூட்டி வைக்காதீர்கள். உதவி எண்ணுக்கு அழைத்தால் ‘விண்டோஸ் போட்டுவிட்டு எடுங்கள்’ என்ற பதில் வேண்டாம். ரவுட்டரில் வேலை செய்யும் ஈதர்நெட் துவாரம் குறைந்தது ஒன்றாவது இருக்கட்டும். வைஃபை ஓடாத நாளில் அந்தக் கம்பிதான் துணை.

கடைக்காரர்களிடம்:

நீங்கள் எங்கள் ஊர்க்காரர். உங்களோடு எங்களுக்குப் பகை இல்லை. மொத்த வியாபாரி சொல்லாததை நீங்களும் அறியமாட்டீர்கள். லினக்ஸ் போட்ட ஒரு யூஎஸ்பியைக் கல்லாப் பக்கத்தில் வைத்திருங்கள். வாங்குபவர் கேட்டால் அதில் இயந்திரத்தை எழுப்பி, டொங்கிளைச் செருகிக் காட்டுங்கள். சில நிமிட வேலை. பாவித்த லப்டொப் விற்பவர்களுக்கு இன்னொன்று: சில பழைய எச்பி, திங்க்பேட் இயந்திரங்கள் தமக்குப் பழக்கமில்லாத வைஃபை கார்டைப் போட்டால் எழவே மாட்டா. எச்பி திரையில் 104 என்ற எண்ணோடு ‘அன்சப்போர்டட் வயர்லெஸ் நெட்வேர்க் டிவைஸ் டிடெக்டட்’ என்று வந்து நின்றுவிடும். இன்டெல் கார்ட் வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வந்தவருக்கு அந்தப் பூட்டு இருப்பதை விற்கும் முன்னே சொல்லிவிடுங்கள்.

சிப் செய்யும் கம்பனிகளிடம் கேட்பது சுருக்கமானது. ட்ரைவரைக் கர்னலுக்குள் சேருங்கள். உள்நிரலை யாரும் பகிரக்கூடிய உரிமத்தோடு கொடுங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இலிருந்து நிறுவும் வட்டிலேயே அத்தகைய உள்நிரல்கள் சேர்ந்து வருகின்றன. அனுமதி இருந்தால், எங்கள் ஊர்ப் பாடசாலையிலும் நிறுவும் நேரத்திலேயே வைஃபை எழும்.

நாங்களும் சில பொறுப்புகளை ஏற்கிறோம். ஓட வைத்த ஒவ்வொரு சாதனத்தின் சிப், பதிப்பு, கர்னல், செய்த வழி ஆகியவற்றைத் தமிழில் எழுதிப் பகிர்வோம். ஓடாததையும் எழுதுவோம். பிழைகளைக் கர்னல் உருவாக்குநருக்கு முறையாக அறிவிப்போம். அயல் பாடசாலை அழைத்தால் போவோம். பள்ளிப் பிள்ளையிடம் காசு கேட்கமாட்டோம்.

பெட்டியில் பெயர் போடவும், விலைமனுவில் ஒரு வரி சேர்க்கவும், பட்டியல் வெளியிடவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டத்தின் கீழ் ஒரு பணிப்புரையும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.

இதை வாசிப்பவரே, இந்தச் சாசனத்தைப் பிரதி எடுத்து உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்கும் பிள்ளையின் பாடசாலை அதிபருக்கும் கொடுங்கள். அடுத்த முறை டொங்கிள் வாங்கப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள்.